தொட்டிலோரப் பேச்சு: கொங்கு நாட்டில் மழலையின் வரலாறு

கொங்கு நாட்டில் தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடப்பது வழக்கம். கட்டுச்சோற்று விருந்து முடிந்ததும் பெண்ணைப் பிறந்தவீட்டார் அழைத்துக்கொண்டு போவார்கள். பிள்ளை பிறந்து சில மாதங்கள் கழித்துத்தான் அவள் புகுந்தவீடு திரும்புவாள். அந்த மாதங்களில் குழந்தையின் காதில் ஓயாமல் விழும் குரல்கள் அம்மாவுடையதும் அவளைப் பெற்ற அம்மிச்சியுடையதும் ஆகும். தாத்தாவான அப்புச்சி திண்ணையிலிருந்து செருமிக்கொண்டே கூப்பிடுவார். மாமன் வேலை முடிந்து வந்து விரலை நீட்டிப் பிடிக்கச் சொல்வான். அப்பா அவ்வப்போது வந்து பார்த்துப் போகும் விருந்தாளி. கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர் வட்டாரங்களில் கைக்குழந்தையின் முதல் உரையாடல் நெடுங்காலம் இந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் தொடங்கியது.

பேச்சு என்றால் சொல் அல்ல. முதல் சொல் வரச் சுமார் ஓராண்டு ஆகிறது. அதற்கு முன்பே அழுகை, பார்வை, சிரிப்பு, குரல், கையசைவு என்று பெரிய போக்குவரத்து நடந்து முடிந்துவிடுகிறது. கருவிலிருக்கும் குழந்தைக்கு ஆறாம் மாதவாக்கில் வெளியோசை கேட்கத் தொடங்குகிறது. அந்தோனி டிகாஸ்பர், வில்லியம் ஃபைஃபர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1980இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள், காம்பைச் சப்பும் வேகத்தை மாற்றி, வேறொரு பெண்ணின் குரலைவிடத் தங்கள் தாயின் குரலையே கேட்டு வாங்கிக்கொண்டன. ஆறாவது வாரத்தையொட்டி முகம் பார்த்துச் சிரிப்பு வருகிறது. இரண்டாம் மூன்றாம் மாதத்தில் தொண்டையிலிருந்து உயிரோசைகள் எழுகின்றன. ஆறு ஏழு மாதத்தில் மெய்யும் உயிரும் சேர்ந்த அசைகள் அடுக்கடுக்காக வருகின்றன. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் விரல் நீட்டிச் சுட்டத் தெரிகிறது. முதற்சொல் அதற்கு அண்டையில். இந்த வரிசை ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. எதிரில் இருந்து பதில் கொடுப்பது யார், எப்போது, எந்த வேலைக்கு நடுவில் என்பது மட்டும் காலத்தோடு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கொங்கு நாட்டில் அந்த மாற்றத்தைக் காடு, ஆலை, பனியன் கம்பெனி என்று தொழில்களின் வழியாகவே தொடர்ந்து பார்க்க முடிகிறது.

பழைய வீட்டில் உரையாடலுக்கென்று நேரம் ஒதுக்கப்படவில்லை. அது வேலைகளுக்குள்ளேயே இருந்தது. குளிக்க வார்ப்பது அவற்றில் முதன்மையானது. அனுபவப்பட்ட கிழவி ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்கள் மேல் குப்புறவும் மல்லாக்கவும் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, கைகால் நீவி, மூக்கு நீவி, வெந்நீர் ஊற்றுவாள். மல்லாந்து கிடக்கும் குழந்தையின் கண்ணுக்கும் கிழவியின் முகத்துக்கும் உள்ள தூரம் மிகக் குறைவு. பிறந்த சிசுவுக்குத் தெளிவாகத் தெரிவது ஏறக்குறைய ஓரடித் தொலைவுதான் என்பதை நினைத்தால், அந்த நிலை எவ்வளவு பொருத்தமானது என்று புரியும். நீவும்போது அவள் வாய் சும்மா இருப்பதில்லை. கேள்வி கேட்பாள், குழந்தை ஒரு முனகல் விட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போவாள், முனகாவிட்டால் குரலை மெலிதாக்கிக் குழந்தைக்காகத் தானே பதிலும் சொல்லிக்கொள்வாள். எல்லாச் சமூகங்களிலும் இப்படி நடப்பதாகச் சொல்ல முடியாது. பப்புவா நியூகினியின் கலூலி மக்களிடையிலும் சமோவாவிலும் ஆய்வு செய்த பாம்பி ஷிஃபெலின், எலினார் ஓக்ஸ் இருவரும், பேச்சு வராத சிசுவோடு பெரியவர்கள் உரையாடுவது அங்கே குறைவு என்று 1980களில் எழுதினார்கள். அந்தக் குழந்தைகளும் உரிய காலத்தில் பேசத்தான் செய்தன. ஆகவே கொங்குக் கிழவியின் ஓயாத பேச்சு மொழி வருவதற்குத் தவிர்க்க முடியாத நிபந்தனை அல்ல. ஆனால் குழந்தையை ஓர் ஆளாக மதித்துப் பேச்சில் இடம் கொடுக்கும் பழக்கத்துக்கு அது அடையாளம்.

அந்த மதிப்பு இந்த வட்டாரத்தில் இன்னும் வெளிப்படையாகத் தெரியும் இடம் விளிமுறை. ஆண்குழந்தை 'சாமி', 'ராசா'. பெண்குழந்தை 'அம்மிணி', 'தங்கம்'. இருவருக்கும் பொதுவாகக் 'கண்ணு'. வேறு பல வட்டாரங்களில் கைக்குழந்தையை 'வாடா', 'போடி' என்று கொஞ்சுவார்கள். கோவைப் பக்கத்தில் தவழும் பிள்ளையைக்கூட 'வாங்க சாமி', 'சாப்புடுங்க கண்ணு' என்று மரியாதைப் பன்மையில் அழைக்கும் வீடுகள் நிறைய. கேட்கும் வெளியூர்க்காரர் சிரிப்பார். ஆனால் இரண்டு வயதில் அந்தப் பிள்ளை பக்கத்துவீட்டுக்காரரிடம் 'ஏனுங்க' என்று தொடங்கும்போது, அந்தப் பயிற்சி தொட்டிலிலேயே தொடங்கிவிட்டது என்பது விளங்கும்.

குழந்தைக்கென்று தனிச் சொற்கள் சிலவும் உண்டு. சோற்றுக்கு மம்மு, பருப்புக்குப் பப்பு, பாலுக்கு இங்கா, உறக்கத்துக்குத் தாச்சி. இவை தமிழகமெங்கும் புழங்குபவை. பெரும்பாலும் உதடும் நாக்குநுனியும் எளிதில் செய்யும் ஒலிகளால் ஆனவை; சிலவற்றில் மெய் இரட்டிக்கிறது. சார்லஸ் டார்வின் தன் மூத்த மகன் 1839இல் பிறந்ததிலிருந்து குறிப்பு எழுதிவைத்து, 1877இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். சரியாக ஒரு வயதானபோது அந்தப் பிள்ளை உணவுக்கென்று தானே ஒரு சொல்லை உண்டாக்கிக்கொண்டதாக அதில் வியக்கிறார். அந்தச் சொல் 'மம்'. கொங்கு நாட்டு அம்மிச்சி அதில் வியக்க ஒன்றும் கண்டிருக்கமாட்டாள். வாய் நிறையப் பால் இருக்கும்போது மூக்கு வழியாக வரக்கூடிய ஒலி மகரம்தான் என்றும், அதிலிருந்தே பல மொழிகளில் தாய்க்கும் உணவுக்கும் அந்த ஒலி வாய்த்தது என்றும் மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் பின்னாளில் விளக்கினார்.

குழந்தையின் வளர்ச்சியைக் கட்டம் கட்டமாகக் கவனித்து வைத்தது தமிழில் மிகப் பழைய வேலை. பெரியாழ்வார் ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டில் கண்ணனைத் தொட்டிலில் இட்டதிலிருந்து ஒவ்வொரு பருவமாகப் பாடினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் மீது பாடியது பிள்ளைத்தமிழ் என்ற பெயரிலேயே நமக்குக் கிடைக்கும் முதல் நூல். பாட்டியல் நூல்கள் பருவங்களுக்கு மாதக் கணக்கும் வகுத்தன. அவற்றில் சிறிது வேறுபாடு இருந்தாலும் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கில் மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழாம் மாதம் தால், ஒன்பதாம் மாதம் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை, பதினைந்தில் அம்புலி என்று வரும். இது இலக்கியக் கணக்கே தவிர மருத்துவர் அட்டவணை அல்ல. பாட்டுடைத் தலைவன் அரசனோ தெய்வமோ ஆக இருப்பான். ஆனாலும் வீட்டில் பிள்ளை வளர்த்த பெண்களின் கவனிப்பு இதற்கு அடியில் இருக்கிறது என்று நினைக்க இடமுண்டு. ஒன்பதாம் மாதச் சப்பாணியில் கைகொட்டச் சொல்வது, இன்று மருத்துவர்கள் அதே வயதில் எதிர்பார்க்கும் பாவனைச் செயலோடு ஒத்துப்போகிறது. தால் பருவத்தில் நாவசைத்துப் பாடுவதும், பிள்ளை அசைகளை அடுக்கத் தொடங்கும் ஏழாம் மாதமும் ஒன்றாகவே வருகின்றன.

இவற்றில் அம்புலிதான் உரையாடல் வரலாற்றுக்கு மிகப் பயன்படுவது. தாய் நிலாவைக் காட்டுகிறாள். பிள்ளை அவள் விரலைப் பார்க்காமல் விரல் காட்டும் திசையைப் பார்க்க வேண்டும். பிறகு அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்து, இருவரும் ஒரே பொருளைப் பார்க்கிறோம் என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். உளவியலில் இதற்குக் கூட்டுக்கவனம் என்று பெயர். ஒரு பொருளுக்குப் பெயர் சொல்லிக் கொடுக்க இதைவிட அவசியமான படி வேறில்லை. எலிசபெத் பேட்ஸும் அவரோடு சேர்ந்த இத்தாலிய ஆய்வாளர்களும் 1975இல் சுட்டுதலை இரண்டாகப் பிரித்தார்கள்: எடுத்துக் கொடு என்று கேட்பதற்கான சுட்டு, அதோ பார் என்று பகிர்வதற்கான சுட்டு. நிலா கைக்கு வராத பொருள். ஆதலால் அது இரண்டாம் வகைக்கே உரியது. தைப்பூசத்தை ஒட்டி நிலாச்சோறு எடுத்து, ஒரு சிறுமியை நிலாப்பிள்ளையாக நடுவில் உட்காரவைத்துப் பெண்கள் பாடும் வழக்கம் கொங்கு ஊர்களில் இருந்தது. இடுப்பில் கைக்குழந்தைகளோடு நின்ற தாய்மார்களுக்கு அந்த இரவுகளில் காட்டுவதற்கு வேறு பொருள் தேடவேண்டியிருக்கவில்லை.

தொட்டிலும் உரையாடலின் கருவிதான். ஓட்டுவீட்டு விட்டத்தில் பழஞ்சேலையைக் கட்டித் தொங்கவிட்டது வீட்டுத் தொட்டில். வேம்பின் கிளையிலோ வேலமரத்திலோ கட்டியது காட்டுத் தொட்டில். கம்போடியாப் பருத்தி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவை மாவட்டத்துக் கிணற்றுப் பாசன நிலங்களில் பரவியபின் பருத்தி எடுக்கும் வேலை பெண்களுக்குப் பெரும் வேலையானது. பருத்திக்காட்டு ஓரத்தில் தொட்டில் ஆடும். இன்னொரு பக்கம் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைக்கும் சத்தம். ஆட்டிவிடப் பெரும்பாலும் ஐந்தாறு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி நிற்பாள். இது பழைய வாழ்வின் அழகான பகுதி என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. அந்தச் சிறுமி பள்ளிக்கூடம் போகவில்லை.

தாலாட்டில் குழந்தைக்குப் போவது தாளமும் குரலின் ஏற்ற இறக்கமும்தான். பொருள் பெரியவர்களுக்குப் போகிறது. மாமன் கொண்டுவரும் சீர், அத்தை அடித்த அடி, பிறந்தவீட்டுப் பெருமை, புகுந்தவீட்டுக் குறை என்று தாய் சொல்ல வேண்டியதையெல்லாம் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிவிடுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் கேட்டுக்கொள்வார்கள். காங்கேயம் அருகே ஓலப்பாளையத்தில் 1960களின் நடுவில் தங்கியிருந்து ஆய்வு செய்த பிரெண்டா பெக், 1972இல் கொங்குக் குடியானவர் சமூகம் பற்றி வெளியிட்ட நூலில் உறவுமுறைகளுக்கும் சடங்குகளுக்கும் பெரிய இடம் கொடுத்திருக்கிறார். தாய்மாமன் மடியில் வைத்துக் காதுகுத்துவது முதல் கல்யாணச் சீர்வரை அந்த உறவு தொடர்வதைப் பார்த்தால், தொட்டிலிலேயே மாமன் பெயர் ஏன் அத்தனை முறை வருகிறது என்பது விளங்கும். குழந்தைக்குச் சொல் தெரியாவிட்டாலும், ஒரு பெயர் வரும்போது தாயின் குரல் குழைவதும் இன்னொரு பெயர் வரும்போது இறுகுவதும் காதில் விழாமல் போகாது.

இந்தப் பாட்டுகள் ஏட்டில் ஏற வெகுநாள் ஆயிற்று. சார்லஸ் கோவர் 1871இல் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை ஆங்கிலத்தில் தொகுத்தார். ஐ.சி.எஸ். அதிகாரி பெர்சி மாக்வீன் சேகரித்தவற்றைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பிக்க, 1958இல் தஞ்சை சரஸ்வதி மகால் 'மலையருவி'யாக வெளியிட்டது. கொங்கு மண்ணுக்காரரான பெ. தூரனும் நாட்டுப்பாடல்களைத் திரட்டிக் 'காற்றில் வந்த கவிதை' என்ற நூலாக்கினார்.

தூரனிடம் சற்று நிற்க வேண்டும். ஈரோட்டுப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் 1908இல் பிறந்தவர். கோபிசெட்டிபாளையத்திலும் பின்பு கோவை ராமகிருஷ்ண வித்யாலயத்திலும் ஆசிரியராக இருந்தவர். கீர்த்தனைகளாலும் கலைக்களஞ்சியத்தாலும் அறியப்படுகிறார். அவர் குழந்தை மனத்தைப் பற்றியும் தமிழில் எழுதினார் என்பது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. 'குழந்தை உள்ளம்', 'கருவில் வளரும் குழந்தை', 'மனமும் அதன் விளக்கமும்' ஆகியவை அவர் நூல்கள். மேலைநாட்டு உளவியலைப் பட்டிக்காட்டுப் பெற்றோரும் படிக்கக்கூடிய எளிய தமிழில் சொல்ல முயன்றவர்களில் அவர் முன்னோடி. வித்யாலயத்தை 1930இல் நிறுவிய தி.சு. அவிநாசிலிங்கம்தான் தமிழ் வளர்ச்சிக் கழகத்தையும் 1946இல் தொடங்கினார். அக்கழகத்தின் கலைக்களஞ்சியம் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. அதைத் தொடர்ந்து குழந்தைகள் கலைக்களஞ்சியமும் பத்துத் தொகுதிகள். சிறுவர்களுக்காக இவ்வளவு பெரிய நூல்வரிசை ஓர் இந்திய மொழியில் அக்காலத்தில் வந்தது சாதாரணச் செய்தியல்ல.

அவிநாசிலிங்கம் 1957இல் கோவையில் மகளிருக்காக மனையியல் கல்லூரியையும் தொடங்கினார். ராஜம்மாள் தேவதாஸ் அதை நெடுங்காலம் நடத்தினார். 1988இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. ஊட்டச்சத்து ஆய்வில்தான் அதன் பெயர் பரவியது. ஆனால் மனையியலில் குழந்தை வளர்ச்சியும் ஒரு பாடம். எத்தனையாவது மாதத்தில் சிரிக்கிறது, எப்போது கூப்பிட்ட பக்கம் திரும்புகிறது என்பதைக் கொங்குப் பெண்கள் ஏடும் பென்சிலும் வைத்துக்கொண்டு குறிக்கத் தொடங்கியது இப்படிப்பட்ட வகுப்புகளில்தான். அம்மிச்சிக்குக் கைப்பழக்கமாக இருந்தது பேத்திக்குப் பாடத்திட்டமானது. இரண்டுக்கும் நடுவே உரசலும் இருந்தது. பிறந்தவுடன் இனிப்புத் தண்ணீரை நாக்கில் தொட்டுச் சேனை வைப்பது, வைத்தவரின் குணமும் பேச்சும் பிள்ளைக்கு வரும் என்ற நம்பிக்கையால். வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவுவது பேச்சு திருந்துவதற்காக. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்று மருத்துவர்கள் இவற்றை மறுத்தார்கள். ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது ஆபத்து என்றும் சொன்னார்கள். மருத்துவர் சொன்னதே சரி. ஆனாலும் பிறந்த முதல் நாளிலேயே பிள்ளையின் பேச்சைப் பற்றி ஒரு குடும்பம் இவ்வளவு கவலைப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

பேச்சு வராதோ என்ற அச்சம் பழையது. ஐந்து வயதுவரை வாய்பேசாதிருந்து திருச்செந்தூர் முருகன் அருளால் பேசியதாகக் குமரகுருபரரைப் பற்றிக் கதை சொல்வார்கள். பதினேழாம் நூற்றாண்டில் மீனாட்சியம்மை மீது மிகச் சிறந்த பிள்ளைத்தமிழைப் பாடியவர் அவர் என்பதால், அந்தக் கதை தாமதமாகப் பேசும் பிள்ளைகளின் வீட்டில் பெரிய ஆறுதலாகவும், சில வேளை பெரிய தடையாகவும் இருந்தது. காத்திருந்தால் தானே வரும் என்று விட்டுவிடுவார்கள். காது கேளாத சிசுவும் முதல் மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே சிரிக்கும், குரல் கொடுக்கும். அசை அடுக்கும் பருவத்தில்தான் அது பின்தங்குவது தெரியும். அதையும் வீட்டார் கவனிக்கத் தவறுவதுண்டு. மாமன் மகள், அத்தை மகன் என்று உரிமைத் திருமணம் வேரூன்றிய பகுதிகளில் பிறவிக் காது கேளாமை கூடுதலாகக் காணப்படுவதால் கொங்கு நாட்டுக்கு இது புறக்கணிக்கக்கூடிய விஷயமல்ல. சென்னையில் 1969இல் தொடங்கிய பால வித்யாலயா, காது கேளாத குழந்தைகளுக்குப் பள்ளி வயதுக்கு வெகு முன்பே பயிற்சி தர வேண்டும் என்று காட்டியது. மத்திய அரசின் தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013இல் வந்தபின் மாவட்ட அளவில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைந்தன. முதல் மாதத்தில் செவிச் சோதனை, மூன்றாம் மாதத்துக்குள் குறை உறுதி, ஆறாம் மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது இத்துறையின் விதி. காக்ளியர் அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தபின் ஏழை வீடுகளுக்கும் அது எட்டியது.

தொட்டிலோரத்து ஆட்களைப் பெரிதும் மாற்றியது ஆலை. ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888இல் கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில்லைத் தொடங்கினார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. பெண்கள் பெரும்பாலும் ரீலிங், வேஸ்ட் பகுதிகளில் வேலை செய்தார்கள். காட்டு வேலையில் பிள்ளை அழுதால் வரப்பேறி வந்து பால் கொடுக்கலாம். ஆலையில் சங்கு ஊதினால்தான் வெளியே வரலாம். குழந்தையின் அழுகைக்குப் பதில் சொல்லும் நேரத்தை அதன் பசிக்குப் பதிலாகக் கடிகாரம் முடிவு செய்யத் தொடங்கியது. பம்பாய் ஆலைத் தெருக்களில் தாய்மார் வேலைக்குப் போகும் முன் சிசுக்களுக்கு அபின் கொடுத்துத் தூங்கவைத்ததை 1920களில் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். அந்தக் கேடு பற்றிய பேச்சுதான் பிள்ளைக் காப்பகம் என்ற கோரிக்கைக்கும் வலு சேர்த்தது.

விட்லி தலைமையிலான அரச தொழிலாளர் ஆணையம் 1931இல் அறிக்கை தந்தது. 1934ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பெண்கள் மிகுதியாக வேலை செய்யும் ஆலைகளில் குழந்தைகளுக்கு அறை ஒதுக்க விதி செய்யும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குக் கொடுத்தது. அதே காலத்தில் சென்னை மாகாணம் தனக்கென மகப்பேறு உதவிச் சட்டத்தையும் இயற்றிக்கொண்டது. சுதந்திரத்துக்குப்பின் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. 1976இல் அந்த எண்ணிக்கை முப்பதாகக் குறைந்தது. காற்றோட்டம், வெளிச்சம், துப்புரவு, குழந்தை பராமரிப்பில் பயிற்சி பெற்ற பெண் என்று அந்தச் சட்டம் கேட்டது. பால் கொடுக்கவும் துணி துவைக்கவும் வசதி கேட்டது. குழந்தையோடு பேச ஆள் வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. அந்நாளைய சட்டத்திடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது. ஒரே ஆயா பல தொட்டில்களை ஆட்டும் அறையில், ஒரு முனகலுக்கு ஒரு பதில் என்ற அம்மிச்சியின் கணக்கு நடக்காது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தாய்க்கு நாளொன்றுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை தந்தது. பசிக்காகக் கொடுக்கப்பட்ட அந்த இடைவேளைகள்தான் முகம் பார்க்கும் நேரமாகவும் அமைந்தன.

எதிர்முகம் பதில் தராமல்போனால் சிசு என்ன செய்யும் என்பதை உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் 1970களின் இறுதியில் சோதித்தார். விளையாடிக்கொண்டிருந்த தாய் திடீரென்று முகத்தை அசைக்காமல் வைத்துக்கொண்டாள். சில மாதக் குழந்தை முதலில் சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது, குரல் கொடுத்தது; பலனில்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சோதனை இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்து தாய் மறுபடி சிரித்துவிடுவாள். சிசு வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பதில்லை, பதிலை எதிர்பார்த்துப் பேசுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று குறைவு.

திருப்பூர் பனியன் தொழில் ஏற்றுமதியில் ஓங்கிய 1980களுக்குப்பின் நிலைமை மறுபடி மாறியது. வேலைக்காகக் குடிவந்த இளம் குடும்பங்களுக்கு அம்மிச்சி பல நூறு கல் தொலைவில் இருந்தாள். லைன் வீட்டில் ஒரு தாய் தன் பிள்ளையோடு பக்கத்துவீட்டுப் பிள்ளையையும் பார்த்துக்கொள்வாள். மற்றவள் ஷிப்டுக்குப் போவாள். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கி ஊரூராக அங்கன்வாடிகளைக் கொண்டுவந்தது. சத்துமாவும் எடைக் கணக்கும் கைக்குழந்தைக்கு. பாட்டும் கதையும் மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. இடைப்பட்ட மழலைப் பருவம் வீட்டின் பொறுப்பிலேயே விடப்பட்டது.

இன்று ஒடியா, இந்தி, வங்காளி பேசும் குடும்பங்களும் அதே லைன் வீடுகளில் இருக்கின்றன. ஆனால் பல மொழி கேட்டு வளர்வது கொங்குக் குழந்தைக்குப் புதிதல்ல. கோவையில் தெலுங்கு பேசும் நாயுடு வீடுகளும் கன்னடம் பேசும் தேவாங்கர் வீடுகளும் தலைமுறைகளாக உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியே மலையாளம் எப்போதும் வந்து போயிற்று. ஆனைகட்டி மலையடிவாரத்தில் இருளர் மொழி. வீட்டில் ஒன்றும் தெருவில் ஒன்றுமாகக் கேட்டுக்கொண்டே பிள்ளைகள் இரண்டையும் பிரித்துவிடுகின்றன. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் கேட்டு வளரும் ஆறேழு மாதக் குழந்தைகள் இந்தியின் பல்லொலித் தகரத்தையும் நாமடி டகரத்தையும் பிரித்தறிந்தன. ஓராண்டு நெருங்கும்போது அந்தத் திறன் பெரும்பாலும் போய்விட்டது. கொங்குப் பிள்ளை அதை இழப்பதில்லை, வீட்டிலேயே அந்த வேறுபாடு நாள்தோறும் காதில் விழுவதால். கேட்டுப் பிரிப்பது வேறு, வாயால் சொல்வது வேறு. ழகரமும் றகரமும் சுத்தமாக வர நாலைந்து வயதாகும். அதற்காகப் பயப்படத் தேவையில்லை.

மகப்பேறு விடுப்பின் நீளத்தையும் மழலையின் கட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். 2017ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் தந்த 26 வாரம், பிள்ளை அசை அடுக்கத் தொடங்கும் நேரத்தில் முடிகிறது. தமிழக அரசு தன் ஊழியர்களுக்கு 2016இல் ஒன்பது மாதமும் 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதமும் கொடுத்தது. அது முதற்சொல் வரை நீள்கிறது. விசைத்தறிக் கூடத்திலும் வீட்டிலிருந்தே பிசிர் வெட்டும் வேலையிலும் இருக்கும் கொங்குப் பெண்கள் மிகப் பலருக்கு இந்த இரண்டில் எதுவும் கிடைப்பதில்லை. அவர்கள் பிள்ளைகளுக்குப் பழைய ஏற்பாடே தொடர்கிறது: ஒரு கிழவி, ஒரு தூளி, மூத்த பிள்ளை ஒன்று. புதிதாகச் சேர்ந்தது கைப்பேசி. ஒரு வயதுக்குட்பட்ட சிசுவுக்குத் திரையே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவித்தது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021இல் அந்த வரம்பை இரண்டு வயதாக வைத்தது. திரை ஓயாமல் பேசும். ஆனால் பிள்ளை குரல் கொடுத்தால் நிறுத்திக் கேட்காது. தாமதமாகப் பேசும் பிள்ளையோடு வரும் பெற்றோருக்குப் பேச்சுப் பயிற்சியாளர்கள் இன்று கற்றுக்கொடுப்பவையும் இந்த நிறுத்திக் கேட்பதைச் சுற்றியே இருக்கின்றன: குழந்தையின் கண்மட்டத்தில் உட்காருவது, அது பார்க்கும் பொருளின் பெயரைச் சொல்வது, ஒரு வாக்கியம் சொன்னபின் அதன் முறைக்காகக் காத்திருப்பது.